உங்கள் 40 சென்ட்டும் தங்கையின் 40 சென்ட்டும்

கேள்வி: எனக்கு வயது 51. காட்பாடி காந்தி நகரில் சொந்த வீடு. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் உற்பத்தி மேலாளர். மனைவி நர்ஸ். சி.எஸ்.ஐ. சபை. இயேசுவின் பின்னால் போகிறவன் எந்த வன்முறைக்கும் துணை போகக் கூடாது என்று கல்லூரி நாட்களிலேயே தீர்மானித்தேன், இன்றுவரை அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு ஏ.சி., கார், வருஷத்துக்கு ஒரு டூர் என்று வாழ்கிற எனக்கு அந்தத் தீர்மானத்தால் ஒரு பைசா நஷ்டமும் வந்ததில்லை. இது உறுத்துகிறது. மனைவியிடம் சொன்னால், "உழைச்சு வாங்கினதுக்கு எதுக்கு அழணும்?" என்கிறாள். அப்பா 2009இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மாவும் இப்போது இல்லை. குடியாத்தம் பக்கம் அப்பா வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தை, கிணறு, தென்னையோடு அண்ணனே அனுபவிக்கிறார். பங்கு கேட்டால் சண்டைக்கு வருகிறார். தங்கை பேரணாம்பட்டில் ஷூ கம்பெனியில் தைக்கிறாள், அவளுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டுச் செய்துவிட்டோம். வக்கீல் கேஸ் போடச் சொல்கிறார். சமாதானத்தை நம்புகிறவன் கோர்ட்டுக்குப் போகலாமா? மகனுக்குப் பெங்களூரில் ராணுவத்துக்கு ட்ரோன் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. தடுக்கலாமா?

பதில் (வழக்கறிஞரும் குடும்பச் சொத்துத் தகராறுகளில் சமரசம் பேசுபவருமான ஒருவர், வேலூர்):

அன்புள்ள சகோதரருக்கு,

மேலே இருப்பது சுருக்கம்தான். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் உங்கள் மன உறுத்தலுக்கு ஒரு பக்கம், அண்ணனுக்கு ஒன்றரைப் பக்கம், தங்கைக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த ஒரு வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் சட்டம். கிறிஸ்தவர்களின் சொத்துக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மகன், மகள் என்ற பேதம் அதில் கிடையாது. உயில் இல்லாமல் அப்பா இறந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகள் எல்லாருக்கும் சமமாக. அம்மாவும் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்திருந்தால் அவர் பங்கும் அதே மாதிரி சமமாகப் பிரியும். ஆக, உங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு 40 சென்ட். "நகை போட்டாச்சே" என்று கேட்பீர்கள். அதே சட்டத்தின் 49ஆவது பிரிவு இதற்கென்றே எழுதிவைத்த மாதிரி இருக்கிறது: தகப்பன் உயிரோடு இருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ பொருளையோ, பிறகு பங்கு பிரிக்கும்போது கழிக்கக் கூடாது. உங்கள் படிப்புக்கு அப்பா கட்டிய ஃபீஸை யாரும் கழிக்கவில்லை அல்லவா? அதே நியாயம்தான் நகைக்கும்.

இந்த ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிற எவருக்கும் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். அண்ணன்மார்கள் காரில் தங்கையை அழைத்து வருவார்கள். தங்கை புதுப் புடவையில் இருப்பாள். பத்திரம் எழுதுபவர், "இங்க ஒரு கையெழுத்தும்மா, இங்க கைரேகை" என்பார். அது விடுதலைப் பத்திரம், தன் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம். படித்துக் காட்டச் சொல்லி அவள் கேட்க மாட்டாள், கேட்டால் அண்ணன் முகம் மாறும். கையெழுத்து போட்ட பிறகு எல்லாருமாக ஓட்டலில் சாப்பிடுவார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. "எங்க வீட்ல பாகப்பிரிவினை எவ்வளவு சமாதானமா முடிஞ்சது தெரியுமா?" என்று சபையில் சாட்சி சொன்னவர்களும் உண்டு.

உங்கள் வீட்டில் அந்தப் பத்திரம்கூடப் போடவில்லை. தங்கையைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கோர்ட்டுக்குப் போகலாமா என்பது. பைபிளில் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தைக் காட்டியிருக்கிறீர்கள். வழக்காடுவதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொண்டால் என்ன, நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டால் என்ன என்று பவுல் கேட்கிறார். நல்ல கேள்வி. ஆனால் அவர் கேட்பது நஷ்டப்படுகிறவனிடம், அவனுடைய சொந்த நஷ்டத்தைப் பற்றி. உங்கள் 40 சென்ட்டை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. காந்தி நகரில் வீடும் மாதச் சம்பளமும் உள்ள உங்களுக்கு அது தாங்கக்கூடிய நஷ்டம்தான், விட்டுவிடுங்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. தங்கையின் 40 சென்ட்டை விட்டுக்கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நீங்கள் "சமாதானத்துக்காக" ஒதுங்கிக்கொண்டால், ஷூ கம்பெனியில் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து தைக்கிற ஒரு பெண் அதற்கு விலை கொடுப்பார். தாராள மனசு என்ற பெயர் உங்களுக்கு, நஷ்டம் அவருக்கு.

ஆதியாகமம் 26ஐயும் சொல்லியிருந்தீர்கள். ஈசாக்கின் ஆட்கள் வெட்டிய கிணற்றுக்குக் கேராரூர் மேய்ப்பர் சண்டைக்கு வந்தார்கள், அவர் விட்டுவிட்டு வேறொன்று வெட்டினார், அதற்கும் வந்தார்கள், மறுபடி தள்ளிப் போய் வெட்டினார். எனக்கும் பிடித்த பகுதி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த அதிகாரத்திலேயே ஈசாக்கு நூறு மடங்கு விளைச்சல் கண்ட மகா பெரிய பணக்காரர் என்று எழுதியிருக்கிறது. தள்ளிப் போக அவருக்கு இடம் இருந்தது, இன்னொரு கிணறு வெட்ட ஆள் இருந்தார்கள். உங்களுக்கும் இருக்கிறது. உங்கள் தங்கைக்கு எங்கே இருக்கிறது?

கோர்ட் என்றாலே அடிதடிக்கு அடுத்த படி என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பலம் உள்ளவன் வைத்ததே சட்டம் என்று இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் கோர்ட்டே வந்தது. ஆனால் நேராகக் கேஸ் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பவுலும் அதே இடத்தில் இதைத்தான் கேட்கிறார்: சகோதரர் வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் விவேகமுள்ளவன் ஒருவன்கூட இல்லையா? உங்கள் ஆயர் அப்படிப்பட்டவர் என்றால் அவரை வைத்தே பேசுங்கள். (நம் சபைகளே தேர்தல் கேஸ்களோடு கோர்ட் வாசலில் நிற்கிற காலம் இது. அதனால் எல்லா ஆயருக்கும் எல்லா கமிட்டி மெம்பருக்கும் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.)

அது சரிவரவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கேஸ் போடாமலே அங்கே மனு கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அந்தத் தீர்வுக்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு, அதன் மேல் அப்பீல் கிடையாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே எந்தப் பெண்ணுக்கும் இலவச வக்கீல் கிடைப்பார். உங்கள் தங்கைக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்களா?

சமரசப் பேச்சில் இந்த மாதிரி நிலத்தில் சிக்குவது சென்ட் கணக்கு அல்ல, கிணறும் வண்டிப்பாதையும்தான். கிணறு அண்ணன் பக்கம் விழுந்தால் மற்ற இருவருக்கும் முறைத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை, மோட்டார் கரண்ட் பில்லை யார் கட்டுவது, தென்னங்காய் வெட்ட ஆள் எந்த வரப்பு வழியாக வருவான், எல்லாவற்றையும் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். "அதெல்லாம் நாம பாத்துக்கலாம்" என்று விட்ட வீடுகளில் அடுத்த தலைமுறை அரிவாளோடு நிற்கிறது. அண்ணன் இத்தனை வருஷம் நிலத்தைப் பார்த்துக்கொண்டார், தென்னைக்குத் தண்ணீர் விட்டார், அம்மாவையும் அவர்தான் கடைசிவரை வைத்துக் காப்பாற்றினார் என்று உங்கள் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு மதிப்புப் போட்டுக் கொடுங்கள், உங்கள் பங்கிலிருந்து. அவரைச் சமரசத்துக்குக் கொண்டுவர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எதற்கும் இறங்கி வரவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்கு போடுங்கள், தப்பில்லை. பங்காளிகளில் ஒருவர் அனுபவிக்கிறார் என்பதாலேயே மற்றவர் பங்கு போய்விடாது. ஆனால் ரொம்ப வருஷம் சும்மா இருந்தால் எதிர்த்தரப்பு வேறு கதை கட்டும். வழக்கில் தங்கையும் ஒரு கட்சியாக இருந்தே ஆக வேண்டும், பங்குதாரர் ஒருவரை விட்டுவிட்டுப் போட்ட வழக்கு நிற்காது. நடுவில் சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சரி, உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன்.

1916இல் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று மறுத்த கிறிஸ்தவர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களுடைய சமாதான நம்பிக்கைக்கு என்ன விலை என்று அரசாங்கமே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டது. நம் நாட்டில் கட்டாய ராணுவம் இல்லை. "துப்பாக்கி எடு" என்று யாரும் உங்களைக் கூப்பிடப் போவதில்லை. அதனால் அந்த நம்பிக்கையை 30 வருஷம் பத்திரமாக வைத்துக்கொள்ள உங்களால் முடிந்தது. காந்தி நகரில் அது எங்கே உரசும் என்று நீங்களேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். யாக்கோபு நிருபத்தில் "உங்களுக்குள்ளே யுத்தங்களும் சண்டைகளும் எதினாலே வருகிறது?" என்ற கேள்விக்கு, இச்சைகளினால் அல்லவா என்று உடனே பதிலும் வருகிறது. பட்டாளத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜான் உல்மன் என்று ஒரு குவேக்கர் (யுத்தமே கூடாது என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்) இருந்தார். வாலிபத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற வேலை. ஒருநாள் முதலாளி தன் அடிமைப் பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைச் சீட்டை எழுதச் சொன்னார். வாங்குகிறவர் அதே சபையைச் சேர்ந்த ஒரு வயதானவர். உல்மன் எழுதிக் கொடுத்தார், இது கிறிஸ்தவத்துக்கு ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டே. பிறகு இன்னொருவர் அதே மாதிரிச் சீட்டு கேட்டு வந்தபோது மறுத்துவிட்டார். பின்னாளில் சொந்தக் கடை நன்றாக ஓட ஆரம்பித்ததும், வியாபாரம் மனசை இழுக்கிறது என்று அதைக் குறைத்துக்கொண்டு தையல் வேலையோடு நின்றுவிட்டார். நம் வீட்டுச் சாமான்களிலும் உடுப்பிலும் யுத்தத்தின் விதை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள் என்று எழுதிவைத்தவரும் அவர்தான்.

நீங்கள் உற்பத்தி மேலாளர். உங்கள் கையெழுத்து இல்லாமல் அங்கே எது நடக்காது? கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய கான்ட்ராக்டர் ஆள் கொண்டுவரும்போது அந்தப் பெர்மிட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்? விஷவாயு சோதித்த பிறகா, முன்னாலா? 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னதே நம் வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான். 2025இல் மறுபடியும் அதே நதிக்காக அதே கோர்ட் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது.

வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் போனால் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்காருவார், அவருக்கு உறுத்தலே இருக்காது. எந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சோதனை செய்யாத தொட்டிக்குள் ஆள் இறக்குகிற தாள் அந்த வரிசையில் முதலாவதாக இருக்கட்டும். ஷிப்மென்ட் ஒருநாள் தள்ளிப் போகும், இன்சென்டிவ் குறையும். "ஒரு பைசா நஷ்டமும் வந்ததில்லை" என்றீர்களே, இதில் வரும்.

வீட்டு விஷயத்தில் நான் உங்கள் மனைவி கட்சி. நைட் டியூட்டி பார்த்துவிட்டு வருகிறவர் பகலில் தூங்க வேண்டும், வேலூர் வெயிலில் ஏ.சி. இல்லாமல் தூங்க முடியாது. அதைக் கழற்றி விற்றால் யாருக்குச் சமாதானம் வரும்? உங்கள் ஒருவருக்கு மனசு லேசாகும். அதுவும் ஒரு சொகுசுதான்.

திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் பார்த்து உருகி எழுதியிருக்கிறீர்கள். உருக வேண்டிய இடம்தான். 1921இல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், சவரிராயன் இயேசுதாசனும் ஸ்காட்லாந்தின் வசதியான குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து தொடங்கியது. இருவரும் டாக்டர்கள். ஊருக்கு ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன். கதர் உடுத்தி, ஆஸ்பத்திரி நடத்தி, கோயில் கோபுரத்தோடு ஒரு ஜெபாலயம் கட்டினார்கள். 1932இல் சென்னையில் கதர் உடையோடு நின்ற பேட்டனைப் போலீஸ் தடியால் அடித்தது. வெள்ளைக்காரராக, பணக்காரராக இருந்தவர் தன் உடுப்பை மாற்றியதும் எந்தப் பக்கத்து அடி தன் மேல் விழும் என்று தெரிந்துகொண்டார். எல்லாம் சரி, ஆனால் அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். எளிமை என்று தீர்மானித்தபோது சம்மதம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. உங்களுக்கு இருக்கிறார். அவர் சம்பளத்தையும் சேர்த்து நீங்கள் தனியாகத் துறவு எடுக்க முடியாது.

ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து வீட்டுக் கணக்கைப் பாருங்கள். எதை விற்கலாம் என்று தேட வேண்டாம். யாருக்குக் குறைத்துக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு எத்தனை வருஷமாக அதே சம்பளம்? லீவு போட்டால் பிடிக்கிறோமா? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 3,000 ரூபாய்க்கு எடுத்துக் கைதட்டு வாங்குகிறோம், அந்த அம்மா 500 ரூபாய் கூடக் கேட்டால் யோசிக்கிறோம். உங்களை மட்டும் சொல்லவில்லை, என் வீடும் இதில் சேர்ந்ததுதான்.

மகன் விஷயம். தடுக்காதீர்கள். 22 வயதுப் பையனை "என் வீட்டில் இருந்துகொண்டு" என்று மிரட்டினால் அது நீங்கள் நம்புகிற சமாதானமும் இல்லை, அவனும் நிற்கப் போவதில்லை. அந்த ட்ரோன் எல்லையில் கண்காணிக்கவா, குண்டு போடவா, அவன் எழுதப்போகிற சாஃப்ட்வேர் எதற்கு என்று கேளுங்கள், நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். உங்கள் எண்ணத்தையும் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவன் திருப்பி, "உங்க தோல் எந்தப் பட்டாளத்துக்குப் பூட்ஸாப் போகுதுப்பா?" என்று கேட்பான். அதற்குப் பதில் தயார் செய்துகொண்டு பேச உட்காருங்கள். குடியாத்தம் நிலத்தில் அத்தைக்கு அப்பா என்ன செய்தார் என்பதையும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

முதலில் பேரணாம்பட்டுக்குப் போங்கள், அண்ணனிடம் அப்புறம் போகலாம். மனைவியையும் அழைத்துக்கொண்டு, தங்கைக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் போங்கள். பட்டா நகல், வில்லங்கச் சான்று, அப்பா அம்மா இருவருக்கும் வாரிசுச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். வாரிசுச் சான்றிதழில் தங்கையின் பெயர் இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போயிருந்தால் தாலுகா ஆபீசில் திருத்தக் கேட்டு மனு கொடுத்துவிட்டுப் போவது நல்லது. அவருக்கு என்ன வேண்டும், நிலமா பணமா என்று கேளுங்கள். எதுவும் வேண்டாம் என்று முதலில் சொல்வார். அந்தப் பதிலை அன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.